தொலைஞ்சதா, களவு போனதா?

போன வருசம் ஒக்டோபர் மாதம், மழை பிடித்த ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், 155 பஸ்ஸில் எங்களில் ஒருத்தியின் போன் போய்விட்டது. நாங்கள் மூன்று பேர். வெள்ளவத்தையில் ஒரு அனெக்ஸில் வாடகைக்கு இருக்கிறோம். ஒருத்தி யாழ்ப்பாணம், ஒருத்தி ஹற்றன், ஒருத்தி மட்டக்களப்பு. அன்றைக்குக் கொட்டாஞ்சேனையில் மாமி வீட்டுக்குச் சாப்பிடப் போய்க்கொண்டிருந்தோம். மாமி யாழ்ப்பாணத்துக்காரியின் சொந்த மாமி. மற்ற இரண்டு பேருக்கும் சோறு போட்டு மாமியானவ.

பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. பம்பலப்பிட்டி தாண்டும்போது போனை எடுத்து மாமிக்கு ‘வாறம்’ என்று வட்ஸ்அப் அனுப்பினது நல்ல ஞாபகம். இறங்கிப் பையைப் பார்த்தால் சிப் திறந்து கிடக்கிறது. போன் இல்லை.

சரி, பொலிஸுக்குப் போவம் என்று முடிவெடுத்தோம். இதில் எந்தப் பொலிஸ் நிலையத்தின் பேரும் வராது. பேர் போட்டால் ஏதோ அந்த ஒரு இடத்தின் பிழை மாதிரி ஆகிவிடும். நாங்கள் கேட்டுப் பார்த்த அளவில், எங்கட வயதில் எல்லாருக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான், ஸ்டேஷன் மட்டும் வேறு.

முதல் நிலையத்தில் இருந்தவர் கோபப்படவில்லை, சிரிக்கவுமில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்: பஸ் எங்கே போகும்போது எடுத்தார்கள்? எங்களுக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருந்தால் கையைப் பிடித்திருப்போமே. பம்பலப்பிட்டியில் இருந்தது, இறங்கும்போது இல்லை. இடையில் எத்தனை பொலிஸ் பிரிவு இருக்கிறது என்று அவர் விரல் விட்டு எண்ணினார். அவருடைய பிரிவில் எடுத்ததற்கு ஆதாரம் இல்லாதபடியால் கடைசியாகப் போனைப் பார்த்த இடத்தில் போய்ச் சொல்லச் சொன்னார். அந்த இடத்துக்குப் போனோம். அங்கே இருந்தவர், காணாமல் போனது தெரியவந்த இடத்தில்தான் சொல்ல வேண்டும் என்றார். மழை விட்டபாடில்லை. மூன்றாவது இடத்தில் ஒரு வயதான சார்ஜன்ட் “வாடிவென்ன நங்கி” என்று கதிரையைக் காட்டினார். அந்த ஒரு வார்த்தைக்கே அழுகை வந்துவிட்டது.

அவர் கேட்டதுதான் தலைப்பில் இருக்கிறது. “நெத்தி வுணாத, ஹொரகம் களாத?” தொலைஞ்சதா, களவு எடுத்தாங்களா? களவுதான் என்றோம். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு, அன்பாகத்தான், விளங்கப்படுத்தினார். களவு என்றால் விசாரணை, சந்தேகநபர், பிறகு கோட்ஸ். ‘தொலைஞ்சது’ என்று போட்டால் இப்பவே எழுதி, இப்பவே பிரதி. போனை புளொக் பண்ண அதுவே காணும்.

இரவு எட்டரை மணி. பசி. தொலைஞ்சது என்றே போடுங்கோ என்றோம்.

ஒன்றரைப் பக்கம் சிங்களத்தில் எழுதினார். எங்களில் ஹற்றன்காரிக்குச் சிங்களம் தண்ணி மாதிரி வரும், ஆனால் வாசிக்கத் தெரியாது. யாழ்ப்பாணத்துக்காரி பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மொழியாகப் படித்தவள். எழுத்துக்கூட்டி வாசிப்பாள், கதைக்க வராது. இரண்டு பேரையும் ஒட்டினால் ஒரு முழு ஆள். ஒருத்தி எழுத்துக்கூட்ட மற்றவள் அர்த்தம் சொல்ல, நாங்கள் ஒப்பமிடப் போகும் வாக்குமூலத்தை விளங்கிக்கொண்டோம். போன் ‘பஸ்ஸில் பயணிக்கையில் கைதவறி விழுந்து’ காணாமல் போயிருந்தது. கை தவறின கதை எங்களுக்கே புதிது. ஒப்பமிட்டோம்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறோம் என்றால், களவுக்கும் தொலைவுக்கும் இடையில் இருக்கும் வித்தியாசம் வெறும் சொல் இல்லை. இலங்கைப் பொலிஸ் நிலையங்களில் பாரதூரமான குற்றங்களுக்கு ஒரு தகவல் புத்தகம், சிறு குற்றங்களுக்கு இன்னொன்று, அன்றாட விஷயங்களுக்கு வேறொன்று. எந்தப் புத்தகத்தில் விழுகிறோமோ அதுதான் எங்கட தலைவிதி. தொலைஞ்ச போனைத் தேட யாரும் கள்ளனைத் தேட மாட்டார்கள். அன்றைக்கு 155 பஸ்ஸில் ஒரு களவும் நடக்கவில்லை. கையால் ஒப்பமிட்டுச் சொன்னதே நாங்கள்தான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் இன்னொருத்தி சொன்னாள், இதை வீட்டிலிருந்தே செய்திருக்கலாமே என்று. உண்மைதான். காணாமல் போன போன்களுக்கென்றே பொலிஸ் திணைக்களம் ‘ஐ-நீட்’ என்று ஒரு தளம் வைத்திருக்கிறது. முன்பு பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியைக் கொண்டு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு எழுத வேண்டியிருந்தது. இப்போது ஐ.எம்.ஈ.ஐ. இலக்கத்தை நாங்களே பதியலாம். அந்த இலக்கம்தான் கஷ்டம். *#06# அடித்தால் வரும் என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் அடிப்பதற்குப் போன் கையில் இருக்க வேண்டுமே. பெட்டியை எறிந்திருந்தோம். கடைசியில் கூகுள் கணக்குக்குள் போய்ப் பழைய போனின் விபரத்தில் கண்டுபிடித்தோம். வாசிக்கிறவர்கள் இப்பவே *#06# அடித்து எங்கேயாவது எழுதி வையுங்கோ. பழைய போன் வாங்குகிறீர்கள் என்றால் அந்த இலக்கத்தை 1909 க்கு எஸ்.எம்.எஸ். பண்ணிப் பாருங்கோ.

போன் இன்னும் வரவில்லை.

இதெல்லாம் ஒரு கதையென்று எழுத நாங்கள் நினைக்கவேயில்லை. மாமியின் பேர்ஸ் களவு போகும் மட்டும்.

மாசி மாதம். மரக்கறி வாங்கப் போன இடத்தில், கூடையில் இருந்த பேர்ஸை யாரோ லாவகமாக எடுத்துவிட்டார்கள். நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய், பாங்க் கார்ட், அடையாள அட்டை. மாமி எங்களுக்குச் சொன்னதே இரண்டு நாள் கழித்துத்தான், அதுவும் பேச்சோடு பேச்சாக. பொலிஸுக்குச் சொன்னீங்களோ என்று கேட்டோம்.

“நாலாயிரம் ரூபாய்க்குப் பொலிஸுக்கோ? விசரே பிள்ளையள் உங்களுக்கு?”

காசு போகட்டும், அடையாள அட்டைக்குப் பொலிஸ் முறைப்பாடு வேணுமே என்றோம். இரண்டாவது அட்டை எடுக்கிறதென்றால் அதுதான் முதல் கடதாசி. மாமி எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து ஒரு பொலித்தீன் பையைக் கொண்டுவந்தா. உள்ளே நாலாய் மடித்த கடதாசிகள். ஒன்றை விரித்து எங்களிடம் தந்தா. மஞ்சளாகிப்போன பொலிஸ் பதிவுப் பத்திரம். பேர், நிரந்தர விலாசம், கொழும்புக்கு வந்த காரணம், தங்கியிருக்கும் இடம். வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்று. ஆண்டு 2007.

“இது காணாதோ? இதில பொலிஸ்ட சீல் இருக்கு.”

எங்களுக்கு அந்த நேரம் ஐந்து, ஆறு வயது. எங்களில் ஒருத்தி அப்போது கொழும்பையே கண்டிருக்கவில்லை. ஆகவே தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறோம். யுத்த காலத்தில் வடக்கு கிழக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் கொழும்புக்கு வந்த தமிழர்கள் பொலிஸில் பதிய வேண்டும். 1865 ஆம் ஆண்டுப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 76 ஆம் பிரிவு, வீட்டில் இருப்பவர்களின் பட்டியலைக் கேட்க பொலிஸுக்கு இடம் கொடுக்கிறது. அவசரகால விதிகள் வேறு. 2007 ஜூன் 7 ஆம் திகதி விடியற்காலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பக்க லொட்ஜ்களுக்குப் பொலிஸ் வந்தது. கொழும்பில் இருக்கச் ‘சரியான காரணம்’ இல்லாதவர்கள் என்று சொல்லி 376 பேரைப் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாள், மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் போட்ட வழக்கில், உயர் நீதிமன்றம் இதை நிறுத்தச் சொல்லி இடைக்காலத் தடை விதித்தது. சில நாளில் அன்றைய பிரதமர் ரட்ணசிறி விக்கிரமநாயக்க வருத்தமும் தெரிவித்தார்.

376 பேரில் மாமி ஒராள். கனடாவுக்கு ஸ்பொன்சர் விஷயமாக வந்து நின்றவ. பதிவு ஒழுங்காக எடுத்து வைத்திருந்தவ. வவுனியாவில் இறக்கிவிட்டு, பிறகு திருப்பிக் கொண்டுவந்தார்கள். கனடா சரிவரவில்லை, கொழும்பிலேயே தங்கிவிட்டா. இவ்வளவும் எங்களுக்குத் துண்டு துண்டாகத் தெரிந்த கதைதான். ஆனால் பேர்ஸ் களவு போன மனுசி, களவு குடுத்தது தான்தான் என்பதையே மறந்து, தான் யார் என்று நிரூபிக்கக் கடதாசி தேடினதை அன்றைக்குத்தான் பார்த்தோம். மாமியைப் பொறுத்தவரை பொலிஸ் நிலையம் என்பது கூப்பிட்டால் போகிற இடம். நாங்களாகப் போகிற இடம் இல்லை.

அப்ப ஒன்லைனில் போடுவம் என்றோம். ஸ்டேஷன் வாசலை மிதிக்காமல் ஒரு முறைப்பாடு. எங்கட தலைமுறைக்கு இதுதானே தெரியும்.

‘டெல் ஐ.ஜி.பி.’ என்று பொலிஸ்மா அதிபருக்கு நேரே முறைப்பாடு அனுப்பும் தளம் கனகாலமாக இருக்கிறது. 2025 ஆகஸ்டில் அதே நோக்கத்துக்கு ஒரு வட்ஸ்அப் இலக்கத்தையும் அறிமுகப்படுத்தினார்கள். அவசரத்துக்கு 119. உயிர் போகாத, இரத்தம் சிந்தாத, ஆனால் மனசை அரிக்கிற விஷயங்களுக்கு இவை. மாமி பக்கத்தில் இருக்க லப்டொப்பைத் திறந்தோம். மாமி கேட்ட முதல் கேள்வி: “இதில என்ர ஐ.சி. நம்பர் போடோணுமோ?” போடத்தான் வேண்டும். பேர், விலாசம், தொலைபேசி, மாவட்டம், கிட்டடிப் பொலிஸ் நிலையம். மாமி எங்களைப் பார்த்தா. பழைய பதிவுப் பத்திரம் இன்னும் மேசையில்தான் கிடந்தது. இரண்டிலும் கேட்டிருப்பது கிட்டத்தட்ட ஒன்றே. எங்களுக்குத்தான் சொல்ல ஒன்றும் வரவில்லை.

“சரி, போடுங்கோ. இந்த முறை நானாத் தாறன்,” என்றா.

முறைப்பாட்டைத் தமிழில் தட்டினோம். மாமி சொல்லச் சொல்ல ஒருத்தி தட்டினாள். இது லேசு என்று நினைத்தோம். இல்லை. மாமி சொன்ன விதம்: அன்றைக்கு வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போட்டு வந்தனான், கத்தரிக்காய் கிலோ விலையைக் கேட்டுத் திகைச்சுப் போய் நிண்டனான், பின்னால ஒரு பெடியன் இடிச்சவன், ‘சொறி அன்ரி’ எண்டவன். எங்களுக்கோ திகதி, நேரம், இடம், பொருள், பெறுமதி வேண்டும். கத்தரிக்காயை வெட்டினோம். மாமிக்கு அது பிடிக்கவில்லை. விலையைக் கேட்டுத் திகைத்து நின்றபடியால்தானே கூடையைக் கவனிக்கவில்லை, அது முக்கியமில்லையா? யோசித்துப் பார்த்தால் முக்கியம்தான். திரும்பப் போட்டோம்.

கடைசியில் மாமி ஒரு வசனம் சொன்னா. “2007 ஆம் ஆண்டு ஆனி மாதம் என்னைப் பிழையாகப் பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.”

தட்டிக்கொண்டிருந்தவளின் விரல் நின்றது. மாமி, அது இதோட சேராதே என்றோம். இது பேர்ஸ் விஷயம். அதைப் போட்டால் இதையும் பார்க்க மாட்டார்கள். தேவையில்லாமல் கேள்வி கேட்பார்கள். மாமி வாதாடவில்லை. “உங்கட இஷ்டம். நீங்கள்தானே படிச்ச பிள்ளையள்.” நாங்கள் அந்த வசனத்தை அழித்துவிட்டு அனுப்பினோம். ஒரு இலக்கம் வந்தது. அந்த இலக்கத்தை மாமி கலண்டரில் எழுதிவைத்தா.

அன்றிரவு பஸ்ஸில் வரும்போது மூன்று பேரும் கதைக்கவில்லை. மாமியின் முறைப்பாட்டை ‘தொலைஞ்சது’ என்று எழுதின சார்ஜன்ட் வேலையைத்தான் நாங்களும் பார்த்திருந்தோம். அவராவது பசிக்கிற பிள்ளைகளுக்கு உதவி என்று நினைத்துச் செய்தார்.

இலண்டனில் இருக்கும் ஒருத்தியின் அண்ணன் சைக்கிள் களவுக்கு இப்படித்தான் ஒன்லைனில் போட்டவர். இங்கிலாந்தில் அவசரமில்லாத விஷயத்துக்கு 101 என்று தனி இலக்கமே இருக்கிறது. முறைப்பாட்டு இலக்கம் வந்தது, அதைக் காப்புறுதிக் கொம்பனிக்குக் கொடுத்தார், வேலை முடிந்தது. எங்களுக்கு அந்த வசதி கிடையாது. நாலாயிரம் ரூபாய்ப் பேர்ஸுக்கு எந்தக் காப்புறுதி? தமிழ்நாட்டில் தொலைந்த ஆவணங்களுக்குப் பொலிஸ் தளத்திலேயே பதிந்து அறிக்கை எடுத்துக்கொள்ளலாம். இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், மின்னணு வழியாகக் குற்றத் தகவல் கொடுக்கலாம் என்கிறது, ஆனால் மூன்று நாளுக்குள் போய் ஒப்பமிட வேண்டும். எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒரு வாசலும் ஒரு ஒப்பமும் இருக்கிறது.

எங்களுக்கும் அதுதான் நடந்தது. கிராம சேவகரிடம் கேட்டபோது, ஒன்லைன் இலக்கம் அடையாள அட்டைக்குச் சரிவராது, பொலிஸ் நிலையத்தில் பதிந்த முறைப்பாட்டின் பிரதி வேணும் என்றார். நாலாம் நாள் மாமிக்கு ஒரு கோல். சிங்களத்தில். மாமிக்கு விளங்கின சொற்கள் ‘பொலிஸிய’, ‘என்ன’. உடனே எங்களுக்கு எடுத்தா. குரல் நடுங்கியது. “வரட்டாம் பிள்ளை. நான் சொன்னனானே.” திருப்பி அழைத்துக் கேட்டால், பயப்படும்படி ஒன்றுமில்லை. ஒன்லைனில் போட்ட முறைப்பாடு இவர்களிடம் வந்திருக்கிறதாம், நேரில் வந்து வாக்குமூலம் கொடுத்தால் நல்லதாம். இவ்வளவுதான். ஆனால் அந்தக் கோல் தமிழில் வந்திருந்தால் மாமி அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டிருப்பா.

மட்டக்களப்புக்காரி சட்டம் படிக்கிறாள். அவள்தான் 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டக்கோவையை எடுத்து 109 ஆம் பிரிவைக் காட்டினாள். நாங்கள் திரும்பத் திரும்ப வாசித்தோம். குற்றத் தகவலை வாயாலும் சொல்லலாம், எழுத்திலும் கொடுக்கலாம். வாயால் சொன்னால், சொன்ன மொழியிலேயே அதிகாரி எழுத வேண்டும், எழுதியதை வாசித்துக் காட்ட வேண்டும். அந்த மொழியில் எழுத அவரால் முடியாவிட்டால், ‘நீங்களே உங்கட மொழியில் எழுதித் தாருங்கோ’ என்று கேட்க வேண்டும். தன்னால் எழுத முடியாது என்று முறைப்பாட்டாளர் சொன்னால் மட்டும்தான், காரணத்தைக் குறித்துவிட்டு தேசிய மொழிகளில் ஒன்றில் எழுதலாம். அப்போதும் அவருக்கு விளங்கும் மொழியில் சொல்லிக்காட்ட வேண்டும்.

1979. தமிழும் அரச கரும மொழி என்று 13 ஆம் திருத்தம் சொன்னது 1987 இல். அதற்கு எட்டு வருசம் முந்தியே இது இருந்திருக்கிறது. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011 அறிக்கையில், பொலிஸ் நிலையங்களில் 24 மணிநேரமும் இருமொழி தெரிந்தவர்கள் இருக்க வேண்டும், முறைப்பாட்டாளர் விரும்பும் மொழியில் வாக்குமூலம் எழுதப்பட வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதையும் ஏதோ புதுச் சலுகை மாதிரித்தான் நாங்கள் பள்ளிக்கூடத்தில் கேட்டோம். மொழி உரிமை மீறலைச் சொல்ல அரசாங்கம் வைத்த தொலைபேசி இலக்கம் 1956. தனிச் சிங்களச் சட்டம் வந்த ஆண்டும் அதுதான். இலக்கம் தெரிவு செய்தவர் யோசித்துத்தான் செய்தாரோ என்னவோ.

ஆக, வீட்டில் இருந்து சொந்த மொழியில் சொந்த வசனத்தில் முறைப்பாடு எழுதுவது இன்டர்நெட் கொண்டுவந்த புதுமை என்று நாங்கள் நினைத்தது பிழை. ஒரு பேனையும் ஒரு கடதாசியும் காணும். எங்கட அம்மா அப்பாவுக்கும் அது இருந்தது. யாரும் சொல்லவில்லை, அவர்கள் கேட்கிற நிலையிலும் இருக்கவில்லை.

மாமிக்கு வாசித்துக் காட்டினோம். மாமி யாழ்ப்பாணத்தில் ஆரம்பப் பிரிவு படிப்பித்தவ, எழுத்து அச்சு மாதிரி இருக்கும். “எழுதத் தெரியாதெண்டு சொன்னால்தானோ அவை எழுதுவினம்?” என்று கேட்டா. ஓம் என்றோம். அடுத்த நாள் காலமை போனபோது புல்ஸ்கப் தாள் இரண்டு பக்கமும் நிரம்பியிருந்தது. கத்தரிக்காய் இருந்தது. ‘சொறி அன்ரி’ இருந்தது. கடைசிப் பந்தியில் வவுனியா இருந்தது, இந்த முறை பஸ் புறப்பட்ட நேரத்தோடு. நாங்கள் வாயே திறக்கவில்லை.

நாலு பேரும் ஓட்டோவில் போனோம். வாசலில் மாமி செருப்பைக் கழட்டப் பார்த்தா, தடுத்தோம். மேசையில் இருந்தவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சிங்களத்தில் சொல்லுங்கோ, எழுதுறன் என்றார். ஹற்றன்காரி முன்னுக்குப் போய், அம்மாவுக்கு எழுதத் தெரியும், அம்மாவே எழுதிக்கொண்டு வந்திருக்கிறா, சட்டத்தில் அப்படிக் கொடுக்கலாம் என்று தண்ணி மாதிரிச் சொன்னாள். பிரிவு இலக்கம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை மாதிரி ஆகியிருக்கும் என்று நினைக்கிறோம். அவர் கொஞ்சநேரம் தலையைச் சொறிந்தார். பிறகு உள்ளே பார்த்து யாரையோ கூப்பிட்டார்.

வந்தவர் இளம் கொன்ஸ்டபிள், எங்களைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருக்கலாம். தமிழ் கிழக்கு மாகாணத் தமிழ். “இருங்கம்மா” என்றுவிட்டு, நின்றபடியே சத்தமாக வாசிக்கத் தொடங்கினார். கத்தரிக்காய் விலையில் சிரித்தார், மேசைக்காரருக்குச் சிங்களத்தில் சொன்னார், அவரும் சிரித்தார். விலையைப் பற்றி ஒரு நிமிசம் எல்லாருமே கதைத்தார்கள். பிறகு இரண்டாம் பக்கம். வாசித்துக்கொண்டு போனவரின் சத்தம் குறைந்தது. கடைசிப் பந்தியை முழுக்க மனசுக்குள் வாசித்துவிட்டு மாமியைப் பார்த்தார்.

“அம்மா, இதையும் முறைப்பாடா எடுக்கிறதா?”

மாமி கொஞ்சம் யோசித்தா. “இல்லைத் தம்பி. அதுக்கு இப்ப என்ன செய்யிறது. ஆனால் அதில இருக்கட்டும்.”

அவர் அந்தப் பந்தியையும் சத்தமாக வாசித்தார். முதலில் தமிழில். பிறகு மேசைக்காரருக்குச் சிங்களத்தில், ஒரு சொல்லும் விடாமல். மேசைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தை இழுத்து இலக்கம் போட்டார். “ஹொரகம” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுதினார். களவு. நாங்கள் மூன்று பேரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டோம்.

பிரதி எடுக்க எதிர்ப்பக்கக் கொமியூனிகேஷனுக்கு ஓடினோம். ஒரு பக்கம் பத்து ரூபாயோ என்னவோ. திரும்பி வந்தபோது மாமி கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்து, கொன்ஸ்டபிளிடம் எந்த ஊர், கலியாணம் கட்டியாச்சோ என்று விசாரித்துக்கொண்டிருந்தா.

பேர்ஸ் கிடைக்கவில்லை. சீல் அடித்த பிரதி, கிராம சேவகரின் ஒப்பம், படம் எல்லாம் சேர்த்துப் பத்தரமுல்லைக்கு, ஆட்பதிவுத் திணைக்களத்துக்குப் போயிருக்கிறது. கத்தரிக்காய், பஸ் புறப்பட்ட நேரம், எல்லாம் அதோடு சேர்ந்து போயிருக்கிறது. ஒரு பிரதி மாமியின் பொலித்தீன் பைக்குள், 2007 ஆம் ஆண்டுப் பதிவுக்கு மேலே இருக்கிறது.